இசக்கியம்மாளுக்கு வந்த நிவாரணம்

அக்கா, பிள்ளையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்கிறீர்களா? தலைக்கு அரிசி மாவு பூச வேண்டும்.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் பைத்தியம் இல்லை. பாளையங்கோட்டையில் கான்வென்ட்டில் பிளஸ் டூ வரை படித்தவள். இப்படிப் புத்தகம் மாதிரி பேசுவதே அங்கே பழகியதுதான். எங்கள் அத்தை, மாமியாரைச் சொல்கிறேன், "இவ வாயத் தொறந்தா ரேடியோவுல நியூஸ் வாசிக்க மாதிரில்லா இருக்கு" என்பார்கள். பயம் வந்தால் இன்னும் அதிகமாகிவிடும். இன்றைக்கு எனக்கு ரொம்பப் பயம்.

அழ மாட்டாள். பேர் இனியா. யாரிடமும் ஒட்டிக்கொள்வாள். மாஸ்க்கை மட்டும் பிடித்து இழுப்பாள், முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

மாவு எதற்கென்றால், எனக்கு எழுபது வயது ஆக வேண்டும். தாலுகா ஆபீஸ் பியூன் வந்து அடுத்த பெயர் கூப்பிடுவதற்குள் ஆக வேண்டும். இப்போது உள்ளே போய்விட்டு வந்தேனே, அது வடிவு. சங்கரவடிவு, என் சொந்தப் பெயர். நீலச் சேலை, நீல மாஸ்க். அடுத்து இந்தக் கூடையில் இருக்கிற பச்சைச் சேலையைச் சுற்றிக்கொண்டு, பச்சை மாஸ்க் போட்டு, இசக்கியம்மாளாகப் போக வேண்டும். உள்ளே ஒரு நேரத்தில் ஒரு ஆளைத்தான் விடுகிறார்கள். கொரோனா விதி. அந்த விதி மட்டும் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் எல்லாரும் இந்நேரம் கம்பிக்குப் பின்னால்தான்.

இசக்கியம்மாள் யார் என்று கேட்கிறீர்களா? கேட்டுக்குப் பக்கத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் தொங்குகிறதே, அதைப் பாருங்கள். "வாழை விவசாயிகளின் கண்ணீர் துடைத்த கொரோனா நிவாரணம்." அதில் வாழைக்கு நடுவே பச்சைச் சேலை கட்டி, இடுப்பில் பிள்ளையோடு, மாஸ்க் போட்டுக்கொண்டு நிற்கிறார்களே ஒரு பெரியம்மா. அவர்கள்தான். கண்ணைப் பார்த்தீர்களா? எவ்வளவு சோகம் அந்தக் கண்ணில் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது ஒவ்வொரு கொடைத் திருவிழாவுக்கும் புதிதாகப் பெயின்ட் அடிக்கிற கண் அக்கா.

ஆள் இல்லை. சாமி. மண்ணால் செய்த சாமி.

சத்தமாகச் சிரிக்காதீர்கள், கீழே எங்கள் வீட்டுக்காரர் நிற்கிறார்.

உங்கள் பக்கம் இசக்கியம்மன் உண்டா? எங்கள் பக்கம் வயலுக்கு வயல் உண்டு. இடுப்பில் ஒரு பிள்ளை வைத்திருப்பாள், கொஞ்சுகிற மாதிரி. வாயில் இன்னொரு பிள்ளை. ஆமாம், வாயில்தான். பல்லுக்கு நடுவே. கல்யாணமாகி வந்த மறுநாள் கும்பிடக் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்குச் சாயந்திரமே காய்ச்சல் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மாதா படம்தான் பார்த்துப் பழக்கம். அந்தக் கையிலும் பிள்ளை இருக்கும், ஆனால் வாயில் ஒன்றும் இருக்காது. இனியா பிறந்த பிறகு என் பயம் ரெண்டு மடங்காகிவிட்டது. அந்த வரப்புப் பக்கம் போனால் இவளை முந்தானைக்குள் மூடிக்கொள்வேன்.

வயல் அவள் பெயரில்தான் இருக்கிறது. மாமனாரின் அப்பா காலத்தில், அதிகமாக நிலம் வைத்திருந்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று ஒரு சட்டம் வந்ததாம். அவர் ஒரு வயலைத் தம்பி பெயரில் எழுதினார், ஒன்றை மச்சான் பெயரில் எழுதினார். ரெண்டு பேரும் திருப்பித் தரவில்லை. மூன்றாவதை இசக்கி பெயரில் எழுதினார். அவள் மட்டும்தான் ஏமாற்றவில்லை என்று மாமா இப்போதும் சொல்லுவார். பட்டாவில் பெயர் இசக்கியம்மாள். அவ்வளவுதான். தாலுகாவில் அன்றைக்கு யாரும் நேரில் வந்து பார்க்கவில்லை. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு இசக்கியம்மாள் இருக்கிறார்கள், இது ஐந்தாவது என்று நினைத்திருப்பார்கள்.

காதோரம் விட்டுப்போய்விட்டதா? இங்கேயா? சரி.

லாக்டவுன் வந்தபோது இலை அறுப்பு. பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் கல்யாண மாதம், எங்களுக்கு வாழை இலைதான் வருமானம். கல்யாணத்துக்கு ஆளே வரக் கூடாது என்றால் இலையில் யார் சாப்பிடுவது? அறுத்த இலை கட்டுக் கட்டாகக் காய்ந்தது. ஆடுகூடத் தின்று தின்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீட்டில் மூன்று வேளையும் நாங்கள் விருந்து மாதிரி இலை போட்டு, அதில் கஞ்சி ஊற்றிக் குடித்தோம். கஞ்சி ஓடிவிடும் அக்கா. மாமா இலையை ரெண்டு பக்கமும் பிடித்துக்கொண்டே குடிப்பார்.

அப்போதுதான் வாழை போட்டவர்களுக்கு நிவாரணம் என்று அறிவித்தார்கள். பட்டாவில் யார் பெயரோ அவர்களுக்கு. பட்டியல் வந்தது. எங்கள் வீட்டில் யார் பெயரும் இல்லை, இசக்கியம்மாள் பெயர் இருந்தது.

மாமா பட்டியலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அவ பேருக்குத்தான் வருது. வேண்டாம்னு சொல்ல நாம யாரு?" என்றார்.

ஒரு போட்டோ, பேங்க் கணக்கு, ஒரு சாட்சி. இவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். கைரேகை வேண்டாம், தொற்று பரவும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். கணக்குப் பிரச்சினையே இல்லை. கொடைக்கு வரி பிரித்துப் போட்டு வைக்க, எங்கள் ஊர் சொசைட்டியில் அந்தக் காலத்திலேயே இசக்கியம்மாள் பெயரில் ஒரு கணக்கு உண்டு. மாமாவும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற கணக்கு. சாட்சிக்கு நான். வீட்டிலேயே நான்தான் அழகாகக் கையெழுத்துப் போடுவேன் என்று போடச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன். "படிச்ச பிள்ளை, ஒரு கையெழுத்துக்கு எத்தன கேள்வி கேக்கா!" என்றார்கள். போட்டுவிட்டேன். நான் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை அக்கா.

போட்டோதான் எப்படி என்று தெரியவில்லை. மாமா அத்தையைப் பச்சைச் சேலை கட்டி நிற்கச் சொன்னார். அத்தை மாட்டேன் என்றுவிட்டார்கள். "அவ பேருல நான் நின்னா என் ரெண்டு காலும் வெளங்காமப் போயிரும்" என்றார்கள். அதற்குள்ளே வேளாண்மை ஆபீஸ் தம்பி பைக்கில் வயலுக்கே வந்துவிட்டார்.

இப்போது மாஸ்க் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் முதலாவது இசக்கிக்கு. முதல் தார், முதல் பால், முதல் இலை. என் கல்யாணத்தில் எடுத்த முதல் ஆல்பம்கூட அங்கே ஒரு நாள் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தது. லாக்டவுனில் நான் பழைய ஜாக்கெட் துணியில் வீட்டாருக்கு மாஸ்க் தைத்தேன். முதலாவதை அத்தை வாங்கிக்கொண்டு போய் அவளுக்குக் கட்டிவிட்டார்கள். பச்சைத் துணி. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தது. வாயில் இருக்கிற பிள்ளை மறைந்துவிட்டதே.

அந்தத் தம்பிக்குக் கொரோனா என்றால் உயிர் நடுக்கம். ரோட்டை விட்டு இறங்கவில்லை. ரெண்டு மாஸ்க், அதற்கு மேலே கண்ணாடி ஷீல்டு, அது முழுக்க வேர்வை. அங்கிருந்தே, "பயனாளி எங்க சார்?" என்று கத்தினார். மாமா வாயைத் திறக்கத்தான் திறந்தார். அதற்குள் அவரே பார்த்துவிட்டார்.

"ஓ, அங்க நிக்கிறாங்களா? பாட்டி! கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க!"

அவள் எப்படித் திரும்புவாள்?

"பரவாயில்ல, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க. சூப்பர்! சார், எத்தனையோ பேரை எடுத்துட்டேன், யாருமே இப்படி அசையாம நிக்கல. மாஸ்க்கும் கரெக்டா போட்டிருக்காங்க. கன்னம் வீங்கியிருக்கே, பல்லு வலியா?"

"ஆமா," என்றார் மாமா. அதுதான் அவர் சொன்ன முதல் பொய். அதற்கு முன்னால் வரைக்கும் நாங்கள் யாருமே பொய் சொல்லவில்லை அக்கா, அதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"வெயில்ல நிக்க விடாதீங்க சார், வயசானவங்க. பேத்தியை வேற தூக்கி வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, பைக்கின் சீட்டுக்கு சானிடைசர் அடித்துத் துடைத்துவிட்டுப் போனார்.

பணம் வந்தது. மாமா அதைக் கொண்டு வீட்டு வாசலுக்குக் கிரானைட் படி கட்டினார். பக்கத்தில் ஸ்டீல் கைப்பிடி. "இசக்கி பணத்த இசக்கிக்கே செலவழிக்கணும்" என்று ஒருவர் சொன்னதற்கு, "அவ என்னைக்காவது நம்ம வீட்டுக்கு வந்தா வழுக்கி விழக் கூடாதுல்லா?" என்றார். வழுக்கி விழுந்தது கொழுந்தனார்தான். கிரானைட்டில் தண்ணீர் பட்டால் அப்படித்தான்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இனியாவுக்குப் பிறந்த அன்று போட்ட ஊசியோடு சரி, அதற்குப் பிறகு போட வேண்டியது எதுவும் போடவில்லை. லாக்டவுன். பஸ் இல்லை. ஊசி போடுகிற நர்ஸ் ஒருதடவை ஊருக்கு வந்தார்கள், வெளியாள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று மாமா வாசலிலேயே அனுப்பிவிட்டார். டவுனுக்கு ஒரு ஆட்டோ பிடித்துத் தாருங்கள் என்று கேட்டேன். படி கட்டிய மிச்சத்தில் ஒரு ஆட்டோ. "இசக்கி இருக்கையில ஊசி என்னத்துக்கு?" என்றார் மாமா. எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "அப்பாட்ட கேளு" என்றார். அப்பாவிடம்தானே கேட்டேன் என்றேன். "அப்பம் அதான் பதில்" என்றார்.

பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டாலே என் தூக்கம் போய்விடும். மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். பள்ளியில் அறிவியல் புத்தகத்தில் படித்த நோய்ப் பெயர் எல்லாம் ஒவ்வொன்றாக வரும். தட்டம்மை, கக்குவான், தொண்டை அடைப்பான். நன்றாகப் படித்தது தப்போ என்று தோன்றும்.

உங்கள் தலைப் பூவை உருவி வாயில் வைத்துவிடப்போகிறாள், வாங்கிவிடுங்கள்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அந்தப் போட்டோ அவ்வளவு நன்றாக வந்துவிட்டது. மேலே யாருக்கோ பிடித்துப்போய் ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார்கள். மாவட்டம் முழுக்க. ஒரு ஊரில் அதன் முன்னால் யாரோ தேங்காய் உடைத்திருக்கிறார்களாம், அந்த ஊர்க்காரர்களுக்காவது கண் தெரிந்திருக்கிறது. பிறகு ரெண்டாம் தவணையை மேடையில் வைத்து இசக்கியம்மாள் கையில் கொடுப்பதாக அழைப்பு அனுப்பினார்கள். அவள் போகவில்லை. மறுபடி அனுப்பினார்கள். போகவில்லை. வயதானவளை வீட்டில் அடைத்து வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் பணத்தைத் தின்கிறார்கள் என்று உள்ளே இருக்கிறார்களே இந்தத் தாசில்தார் மேடம், அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாட்சியும் பயனாளியும் நேரில் வர வேண்டும், வராவிட்டால் போலீஸோடு வீட்டுக்கு வருவேன் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள்.

வீட்டில் கூடிப் பேசினார்கள். நான் அடுப்படியில் இருந்தேன்.

"உண்மையச் சொல்லிருவோமாப்பா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"என்னன்னு சொல்லுவ? மண்ணு பொம்மைக்கு மாஸ்க் மாட்டிப் பணம் வாங்குனோம்னா? கிரானைட்டப் பேத்துக் குடுப்பியா?"

"அப்பம் யாரு போவா?"

பிறகு எல்லாரும் அடுப்படியைப் பார்த்துத் திரும்பினார்கள். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்கு அவர்கள் கொடுத்த மரியாதையை நினைத்தால் இப்போதும் ஆச்சரியம்தான். மாமா என்னை, "வடிவு, இங்க வந்து உக்காரும்மா" என்றார். உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டிலேயே படித்தவள் நீதான், உன்னால்தான் முடியும் என்றார். மூன்று வரி சொல்லிக்கொடுத்தார். "நான் சுகமா இருக்கேன். எங்க ஆளுக என்ன நல்லா வச்சிருக்காவ. பணத்த நான்தான் மனசார எடுத்துக் குடுத்தேன்." தினமும் ஒப்பிக்கச் சொன்னார். கிழவிக் குரலில் ஒப்பிக்கச் சொன்னார். எனக்குப் பேச்சுப் போட்டிக் குரல்தான் வருகிறது. கொழுந்தனார் எனக்கு இருமக் கற்றுக்கொடுத்தார். பிறகு மாமாதான், "கொரோனா காலத்துல இருமுனா வெளிய தள்ளிருவான்" என்று அதை நிறுத்தினார்.

காலையில் அத்தைதான் இந்தச் சேலையை மடித்துக் கூடையில் வைத்தார்கள். இது அத்தை கொடைக்குக் கட்டுகிற சேலை. எங்கள் வீட்டில் இசக்கி அத்தை மேல்தான் இறங்குவாள். அன்றைக்கு ஒரு நாள் மாமா அத்தை காலில் விழுவார், அத்தை சொன்னதைக் கேட்பார். மற்ற நாளில் அத்தை சோற்றுக்கு உப்புப் போடுவதற்கே மாமாவைக் கேட்க வேண்டும். சேலையை மடித்தவர்கள் என்னைச் சுவரோரமாக இழுத்து, என்னென்னவோ சொன்னார்கள். அவர்களுக்கும் பயத்தில் புத்தி குழம்பிவிட்டது போல.

"ஏட்டி, நான் இந்தச் சீலையக் கட்டிக்கிட்டு இத்தன கொடையில ஆடியிருக்கேன். எனக்குன்னு என்ன கேட்டேன் தெரியுமா?"

"தெரியாது அத்தை."

"ஒரு தடவ ரெட்டக் கரை பட்டுச் சீலை கேட்டேன். ஒரு தடவ எங்க அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போணும்னு கேட்டேன். அவ்வளவுதான். அன்னைக்கு நான் என்ன கேட்டாலும் குடுத்திருப்பாரு உங்க மாமா. கேக்கத் தெரியல. ஆடி முடிச்சு ஒக்காந்த பொறவுதான், அய்யோ இதக் கேட்டிருக்கலாமே, அதக் கேட்டிருக்கலாமேன்னு நெனப்பு வரும். நீ படிச்சவ. யோசிச்சிட்டு உள்ள போ."

யோசித்துப் பேசாவிட்டால் மாட்டிக்கொள்வாய் என்று மிரட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சரி அத்தை என்றேன்.

இங்கே வந்ததும் முதலில் வடிவைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் மேடத்துக்கும் நமக்கும் நடுவே மேலிருந்து கீழ் வரை பிளாஸ்டிக் ஷீட். மருந்து அடித்து அடித்து அது பாலாடை மாதிரி ஆகிவிட்டது. அவர்களுக்கு நான் ஒரு நீல நிறம், எனக்கு அவர்கள் ஒரு சந்தன நிறம். அவ்வளவுதான் தெரிகிறது. அதைப் பார்த்ததும் மாவே தேவையில்லை என்று தோன்றியது. ஆனால் மாமா பூசச் சொல்லியிருக்கிறாரே.

"நீங்கதான் சாட்சி வடிவா? இசக்கியம்மாள் உங்களுக்கு என்ன உறவு?"

எனக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும் அக்கா. பள்ளியில் சிஸ்டர்கள் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார்கள், காதைத்தான் பார்ப்பார்கள். அதனால் மாமா சொல்லிக்கொடுத்ததை விட்டுவிட்டு, கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று முடிவு பண்ணினேன்.

"எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பெரியவர்கள் அவர்கள்தான் மேடம்."

"நல்லா பாத்துக்கிறீங்களா?"

"செவ்வாயும் வெள்ளியும் போய்ப் பார்ப்போம் மேடம்."

"மத்த நாள்?"

"மற்ற நாளில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. பயம்."

"சாப்பாடு?"

"அந்த ரெண்டு நாளும் பொங்கல் வைப்போம். கொஞ்ச நேரம் முன்னால் வைத்திருந்துவிட்டு நாங்களே எடுத்துச் சாப்பிட்டுவிடுவோம்."

சந்தன நிறம் எழுந்து நின்றது.

"எங்கம்மா தங்க வச்சிருக்கீங்க அவங்களை?"

"வாழைக்குள்ளே மேடம். மேல் வரப்பில்."

"வயக்காட்டுலயா! மழை பெஞ்சா?"

"ஓலைச் சார்ப்பு இருந்தது. போன காற்றில் பறந்துவிட்டது. கொஞ்சம் நிறம் போயிருக்கிறார்கள்."

"கை கால் எல்லாம் நல்லா இருக்கா?"

"இடது கையில் ரெண்டு விரல் உடைந்திருக்கிறது. கொழுந்தனார் தார் சுமந்து வரும்போது இடித்துவிட்டது. சித்திரையில் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று மாமா சொல்லிவிட்டார்."

"நிவாரணப் பணம் அவங்க கைக்குப் போச்சா?"

"இல்லை மேடம். வீட்டுக்குப் படி கட்டினோம்."

"அந்தப் படியிலயாவது அவங்களை உக்கார விடுறீங்களா?"

"அவர்கள் வீட்டுக்கு வரக் கூடாது மேடம். வந்தால் வீட்டுக்கு ஆகாது."

மேடம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மாஸ்க்கைக் கழற்றித் துடைத்திருப்பார்கள் போல. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு வீட்டைப் பாத்ததில்லம்மா" என்றார்கள். "இவ்வளவு நடந்தும் அந்தம்மா ஒரு வார்த்தை கேக்கலையா?"

"வாயைத் திறக்கவே மாட்டார்கள் மேடம். வாயில்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"புரியுதும்மா. உன்னையும் பயமுறுத்தித்தான் வச்சிருக்காங்க, குரல்லயே தெரியுது. இப்ப நான் சொல்றதைக் கேளு. அந்தம்மாவைத் தனியா உள்ள அனுப்பு. ஆம்பளை ஒருத்தனும் கூட வரக் கூடாது. அவங்க வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இனிமே பணம் அவங்க கைக்கு மட்டும்தான். ரெண்டாம் தவணையை இன்னைக்கே, இங்கயே என் கையால குடுத்து அனுப்புறேன். அவங்க உத்தரவு இல்லாம அந்த வாழைக்குள்ள ஒருத்தன் கால் வைக்கக் கூடாதுன்னும் எழுதித் தாரேன். பயப்படாம வரச் சொல்லு."

சொல்கிறேன் மேடம் என்று சொல்லிவிட்டு வந்து, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்போது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தானையை அந்தப் பக்கம் இழுத்துவிடுங்கள், நீலம் தெரிகிறது. மாமாவின் மூன்று வரியையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நான் சுகமா இருக்கேன். காது சுடுகிறது. எங்க ஆளுக என்ன நல்லா வச்சிருக்காவ. இன்னும் சுடுகிறது. மூன்றாவதைச் சொல்லவே இல்லை.

உள்ளே போய், மேடம், அவள் மண் பொம்மை என்று சொல்லிவிடலாம். காது சிவக்காது. ஆனால் மாமாவை ஜெயிலில் போடுவார்கள். என் கையெழுத்து இருக்கிறதே, என்னையும்தான். பிள்ளையை யாரிடம் விடுவேன்? ஜெயிலுக்குப் போகாவிட்டாலும் எங்கள் வீட்டுக்காரர் என்னை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார். இவளை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அது மாதிரி ஒன்று எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது.

மேடம் கேட்பார்கள் இல்லையா, உன் பணத்தை உன் கையில் கொடுத்தார்களா என்று. கொடுக்கவில்லை என்று சொன்னால் அதில் என்ன பொய்? கல்யாணத்துக்குப் போட்டுவந்த வளையல் என் கையில் இல்லை, பாருங்கள், வாழைக் கன்றுக்குப் போயிருக்கிறது. உன்னைக் கேட்டு எதையாவது செய்தார்களா? இல்லை. சாப்பாடு? எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான். உனக்கு என்று ஏதாவது கேட்டாயா? ஒரு ஆட்டோ கேட்டேன். எல்லாமே உண்மை அக்கா! வடிவு சொன்னால் அதைக் கேட்க ஆள் கிடையாது. "அப்பாட்ட கேளு" என்பார்கள். இசக்கியம்மாள் சொன்னால் மேடம் எழுந்து நின்று கேட்பார்கள். அப்படியானால் நான் சொல்வதில் பெயர் ஒன்றுதானே மாறுகிறது?

இசக்கி கோபித்துக்கொள்வாளா என்றுதான் பயம். அவள் பெயரில் போய் நான் என் கதையைச் சொன்னால். இனியாவை ஏதாவது பண்ணிவிடுவாளோ? ஆனால் யோசித்துப் பார்த்தால், மழையில் நனைந்துகொண்டு நிற்கிறாளே, சார்ப்புக்கும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். விரலுக்கும். அதற்குப் பிறகு கோபிக்க மாட்டாள் இல்லையா?

இன்றைக்குப் புதன்கிழமை. எதிரே ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிற நாள். ஆட்டோவில் வரும்போதே பார்த்தேன், மரத்தடியில் பிள்ளைகளோடு எத்தனை பேர். ரோட்டைத் தாண்டினால் போதும். கேட்டேன். "வந்த வேலைய மட்டும் பாரு" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

இசக்கியம்மாள் என்றுதானே கூப்பிட்டார்கள்? ஆமாம், என்னைத்தான்.

அய்யோ, படியேறி வருகிறார் எங்கள் வீட்டுக்காரர். பியூன் சத்தம் கீழே கேட்டிருக்கும். நீங்கள் ஒன்றும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம்.

இல்லைங்க, சும்மா பேசிக்கொண்டிருந்தேன். ஞாபகம் இருக்கிறது. மூன்று வரியும் ஞாபகம் இருக்கிறது. இல்லை, பிள்ளையை உங்களிடம் தர மாட்டேன். கூட வர வேண்டாம், மேடம் ஆண்கள் வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கையை விடுங்கள்.

தள்ளி நில்லுங்கள்.

பார்த்தீர்களா அக்கா? விட்டுவிட்டார். இந்தச் சேலையை ஏற இறங்கப் பார்க்கிறார். ரெண்டு படி கீழே இறங்கிவிட்டார். செருப்பைக் கழற்றுகிறார்! தாலுகா ஆபீஸில் போய் யாராவது செருப்பைக் கழற்றுவார்களா?

அப்படியே நில்லுங்கள். நான் வருகிற வரைக்கும் நில்லுங்கள்.

பிள்ளையைக் கொடுங்கள் அக்கா. அந்த ஊசி போடுகிற இடத்தை எத்தனை மணிக்கு அடைப்பார்கள்?